தங்கமுத்து வாய் மூடிய காலை

கோப்பாய்ச் செம்மண் தோட்டங்களுக்கு நடுவே போகும் ஒழுங்கையில் தங்கமுத்து வருவதற்கு முன்னே அவளுடைய குரல் வந்துவிடும். வழியில் எதிர்ப்படும் ஆட்டோடுகூட அவள் நின்று கதைப்பாள். ஆடும் நின்று கேட்கும் என்று பக்கத்துத் தோட்டத்து ஏரம்பு சொல்வான். கணவன் இறந்தபின் தோட்டத்தை அவள் குத்தகைக்கு விடவில்லை. கொத்துவதும் நடுவதும் பாத்தி கட்டுவதும் அவளேதான். வெங்காயமும் மிளகாயும் அவள் கைக்கு நன்றாக வரும். வேலையால் அவள் களைத்து யாரும் பார்த்ததில்லை. பக்கத்தில் கதைக்க ஆள் இல்லாவிட்டால்தான் அவளுக்கு இடுப்பு நோகும்.

மாரி மழை ஓய்ந்து மார்கழிப் பனி இறங்கத் தொடங்கினால் அவளுக்குக் கொண்டாட்டம். அந்த நாட்களில் வெங்காயத் தாள்களின்மேல் பனி முத்து முத்தாக நிற்கும். வெயில் சுடுவதற்குள் அதைத் தட்டிவிடாவிட்டால் தாளின் நுனி கருகிவிடும். அதற்கு ஒரு நீண்ட கயிறும் இரண்டு ஆட்களும் வேண்டும். ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு இரு பக்க வரம்புகளிலும் நடந்தால், கயிறு தாள்களை வருடிக்கொண்டே போகும். பனி பொலபொலவென்று உதிரும்.

தங்கமுத்துவின் கயிற்றுக்கு மறுமுனை எப்போதும் அருமைநாயகிதான். இருவருக்கும் அடுத்தடுத்த தோட்டம், ஏரம்புவையும் சேர்த்து மூவருக்கும் ஒரே கிணறு. முதலில் ஒருத்தியின் பாத்திகள், பிறகு மற்றவளின் பாத்திகள். கை குளிரில் விறைத்துப் போயிருக்கும், வாய் மட்டும் ஓயாது. யார் வீட்டில் கலியாணம், யாருடைய பசு கன்று போட்டது, யார் யாரோடு கோபம் எல்லாம் அந்த வரம்புகளில்தான் அலசப்படும்.

அந்த வருடம் அருமைநாயகி ஒரு நேர்த்தி வைத்தாள். அவளுடைய மகள் பாலேஸ்வரி சாவகச்சேரியில் வாழ்க்கைப்பட்டவள். இரண்டாவது பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தாள். கால் இரண்டும் வீங்கியிருந்தன. வண்டியில் ஏறக் கூடாது என்று டாக்குத்தர் சொல்லிவிட்டதால் தாய்வீட்டுக்கு வர முடியவில்லை. தகப்பன் நமசிவாயம் மகளுக்குத் துணையாகப் போனார். தாயோ பிள்ளையார் கோயிலில் காப்புக் கட்டிக்கொண்டாள். கோயிலில் பிள்ளையார் கதை படித்து முடியும் நாள்வரை, தினமும் விடிந்ததிலிருந்து உச்சிப் பூசை மணி கேட்கும்வரை ஒரு சொல்லும் பேசுவதில்லை என்பது அவள் நேர்த்தி. ஒரு சொல் தவறினாலும் விரதம் போச்சு.

"பிள்ளையாருக்கு வேறை ஒண்டும் கிடைக்கேல்லையே? மோதகம் அவிக்கிறன் எண்டு சொல்லியிருக்கலாமே," என்று தங்கமுத்து அங்கலாய்த்தாள். "நான் ஆரோடை கதைக்கிறது?"

முதல் நாள் பாதிப் பாத்திவரை பொறுத்தாள். பிறகு இரண்டு பேருக்குமாகத் தானே கதைக்கத் தொடங்கினாள்.

"அருமை, நேற்று என்ன கறி?" என்று தன் குரலில் கேட்பாள். உடனே குரலைத் தடிப்பாக்கி, "கத்தரிக்காய்ப் பால்கறி, தங்கம்," என்பாள்.

"உப்புப் பாத்தனியே?"

"உனக்கு ஏனடி உந்த விடுப்பு? உன்ரை சட்டியைப் பார்!"

கிணற்றுத் துலா மரத்தின்மேல் முன்னும் பின்னும் நடந்து நீர் இறைத்துக்கொண்டிருந்த ஏரம்பு சிரித்ததில் கால் பிசகி விழப் பார்த்தான். கீழே நீர் அள்ளும் பட்டையைப் பிடித்திருந்த அவன் மனைவி, "விழுந்து துலையப் போறியள்!" என்று கத்தினாள். அருமைநாயகி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சில நாட்களில் கயிறே அவளுக்கு வாயாகிவிட்டது. ஒருமுறை சுண்டினால் ஓம், இரண்டுமுறை சுண்டினால் இல்லை.

விரதத்தின் கடைசி நாள் விடிந்தது. கைகளைத் தேய்த்துக்கொண்டு தங்கமுத்து ஒழுங்கைக்கு வந்தபோது, சந்தைக்குப் போகும் வண்டி ஒன்றிலிருந்து நமசிவாயம் குதித்து இறங்கினார். தலையில் துவாயைச் சுற்றியிருந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு.

"தங்கச்சி! பேத்தி! நேற்றுப் பொழுதுபடப் பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம்!"

"அப்பனே, பிள்ளையாரே!" என்று தங்கமுத்து இரு கைகளையும் கொட்டினாள். அடுத்த கணம் ஓடிப்போய் அவர் சட்டையைப் பிடித்தாள். "எங்கை போறியள், அண்ணை?"

"அவளுக்குச் சொல்ல."

"சொன்னா அவள் சந்தோசத்திலை கத்திக் குழறுவாள். கடைசி நாளிலை விரதத்தை உடைக்கப் போறியளே? உச்சிப் பூசை மணி அடிக்குமட்டும் என்ரை வீட்டிலை இருங்கோ. புட்டு அவிச்சு வைச்சிருக்கிறன். வெளியிலை தலை காட்டப்படாது."

"நான் ஒண்டும் சொல்லாமல் நிண்டால்?"

"உந்த முகத்தை எங்கை கொண்டுபோய் ஒளிப்பியள்?"

அவரை அடுப்படியில் இருத்திவிட்டுத் தோட்டத்துக்கு நடந்தபோதுதான் அவளுக்கே பயம் வந்தது. அவரை ஒளித்துவிட்டாள். தன் வாயை எங்கே ஒளிப்பது? மாட்டைப் பற்றித் தொடங்கினாலும், மழையைப் பற்றித் தொடங்கினாலும், பேத்திதான் முந்திக்கொண்டு வெளியே வருவாள். அதனால் வாயையே திறப்பதில்லை என்று முடிவு செய்தாள்.

கயிற்றை எடுத்தாள். நடந்தாள். முதல் பாத்தி முடிந்தது. பனி உதிரும் சத்தமும் துலாவின் கிறீச்சும் மட்டும் கேட்டன.

"தங்கமக்கா, காய்ச்சலே?" என்று மேலிருந்து ஏரம்பு கேட்டான்.

தலையை மட்டும் ஆட்டினாள்.

"அப்ப நாக்கைப் பூனை கொண்டுபோட்டுதோ?"

தங்கமுத்து கயிற்றை இழுத்துக்கொண்டு அடுத்த பாத்திக்குத் திரும்பினாள். ஏரம்பு நடையை நிறுத்திவிட்டான். இரண்டாவது பாத்தியின் நடுவில் கயிறு தொய்ந்தது. தங்கமுத்து திரும்பிப் பார்த்தாள். அருமைநாயகி வரம்பில் நின்றுவிட்டாள். முகத்தில் இரத்தமே இல்லை. இத்தனை வருடத்தில் தங்கமுத்து ஒரு பாத்தி தூரம் பேசாமல் நடந்ததில்லை. இன்று அவள் பேசாமல் வருகிறாள் என்றால், சாவகச்சேரியிலிருந்து என்ன செய்தி வந்திருக்கும்? பாலேஸ்வரிக்கு என்ன? அருமைநாயகியின் கண்கள் நிறைந்தன. உதடுகள் பிரிந்தன. இன்னும் ஒரு நொடி போனால் கேட்டுவிடுவாள்.

தங்கமுத்துவுக்கு அப்போதுதான் விளங்கியது. சந்தோசத்தை மறைக்கப் போய்த் துக்கத்தை அல்லவா சொல்லிவிட்டாள்! வாயால் சொன்னால் அவள் குழறுவாள், சொல்லாவிட்டாலும் குழறுவாள். கயிற்றைப் போட்டுவிட்டுக் கிணற்றடிக் கொட்டிலுக்கு ஓடினாள். மூலையில் சாத்தியிருந்த ஈர்க்கு விளக்குமாற்றைத் தூக்கினாள். முழுப் பலத்தையும் கூட்டிக் கொட்டில் கூரைக்கு மேலாக வீசினாள்.

அந்த ஊரில் யாருக்கும் அதற்கு விளக்கம் தேவையில்லை. ஆண் பிள்ளை பிறந்தால் வீட்டுக் கூரைக்கு மேலால் உலக்கையை எறிவார்கள். பெண் பிள்ளை என்றால் விளக்குமாற்றை. துக்க வீட்டில் யாரும் கூரைக்கு மேலால் ஒன்றும் எறிவதில்லை.

விளக்குமாறு கூரையைத் தாண்டி, ஏரம்புவின் காதை உரசிக்கொண்டு, நேரே கிணற்றுக்குள் விழுந்தது.

"ஐயோ, ஆரைக் கொல்லப் பாக்கிறியள்!" என்று துலாவைக் கட்டிப்பிடித்த ஏரம்பு, மறுகணம் புரிந்துகொண்டு கூவினான். "விளக்குமாறு! அப்ப பெட்டைக்குஞ்சு! அருமையக்காவுக்குப் பேத்தி!"

அருமைநாயகி அப்படியே வரம்பில் இருந்துவிட்டாள். முந்தானையைப் பந்தாகச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டாள். தோள் குலுங்கியது, கண்ணால் நீர் ஓடியது, சத்தம் மட்டும் வரவில்லை. பிறகு நிமிர்ந்து சாவகச்சேரிப் பக்கம் கிழக்கே கையைக் காட்டி, தன் கால்களைத் தடவிக் காட்டினாள். மகளின் வீங்கிய கால்கள் சுகமா என்றுதான் கேட்கிறாள். தங்கமுத்து ஓடிவந்து தன் கயிற்று முனையை எடுத்து, ஒரேயொரு முறை, அருமைநாயகியின் கை அதிரும்படி சுண்டினாள்.

அதன் பிறகு இருவரும் மிச்சப் பாத்திகளின் பனியைத் தட்டினார்கள். வெயில் ஏறியதும் அருமைநாயகி களை பிடுங்கினாள், கோயில் பக்கம் பார்த்தாள், மறுபடியும் களை பிடுங்கினாள். நடுவே இரண்டு நல்ல வெங்காயத்தையும் பிடுங்கிவிட்டாள். ஏரம்பு இறைத்து முடித்தும் வீட்டுக்குப் போகவில்லை. வேலிக்கு அப்பால், மீசையில் புட்டோடு, நமசிவாயம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உச்சிப் பூசை மணி அடித்தது. எல்லாரும் அருமைநாயகியின் வாயைப் பார்த்தார்கள். அவள் கோயில் பக்கம் திரும்பிக் கும்பிட்டாள். பிறகு இடுப்பில் கையை வைத்தாள்.

"எடியே தங்கம்! உது என்ரை விளக்குமாறடி! நேற்றுத்தான் ஈர்க்குச் சீவிக் கட்டினனான்!"

ஏரம்புவின் மனைவி சிரித்துச் சிரித்துத் துலாக்காலைப் பிடித்துக்கொண்டாள். நமசிவாயம் வேலியைச் சுற்றி ஓடிவந்தார்.

"அருமை, பிள்ளை என்ன நிறம் தெரியுமே? அது பிறக்கேக்கை..."

"நீங்கள் பொறுங்கோ, அண்ணை," என்று தங்கமுத்து அவரைக் கையால் தடுத்தாள். "விடிஞ்ச நேரந்தொட்டு அடக்கிக்கொண்டு நிக்கிறன். நான் சொல்லுறன்."

அருமைநாயகியை இழுத்து நிழலில் இருத்தினாள். சாவகச்சேரி வீட்டு வாசலையே மிதித்திராத தங்கமுத்து, பாலேஸ்வரியின் கட்டில் எந்தப் பக்கம் கிடந்தது என்பதிலிருந்து தொடங்கினாள். பக்கத்தில் நமசிவாயம் வாயைத் திறப்பதும் மூடுவதுமாக நின்றார். ஏரம்பு விளக்குமாற்றை எடுக்கப் பட்டையைக் கிணற்றுக்குள் இறக்கினான்.