சும்மா தின்னும் டிரான்ஸ்ஃபார்மர்

சாலைக் கடைவீதியில் நானும் சிவதாணுவும் கூட்டாக டிரான்ஸ்ஃபார்மர் விற்கிறோம். ஆர்டர் பிடிப்பது நான், கெடுப்பது அவன். எதிரில் எது இருக்கிறதோ அதையே உதாரணமாகச் சொல்லித் தொலைப்பான். ஒரு லாட்ஜ் முதலாளியிடம், "பழைய டிரான்ஸ்ஃபார்மர் உங்களை மாதிரித்தான், சூடும் சத்தமும் ஜாஸ்தி, வேலை கம்மி" என்றான். அன்றோடு அந்த வாசல் எங்களுக்கு அடைபட்டது.

கரமனையில் ஐஸ் பிளான்ட் வைத்திருக்கும் பிச்சைக்கனி அண்ணாச்சியைப் பார்க்கப் புறப்பட்டபோது, இனி உதாரணமே சொல்வதில்லை என்று அவனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் ஸ்கூட்டரை எடுத்தேன். ஊரெல்லாம் பழையதை மாற்றுகிற காலம்; நாங்கள் விட்டால் அடுத்த கடைக்காரன் கொத்திக்கொண்டு போவான்.

"இப்ப உள்ளது ஓடுதுல்லா, எதுக்கு மாத்தணும்?" என்றார் அண்ணாச்சி.

"பிளான்ட் ஓடலேன்னாலும் அது கரண்டைத் தின்னுக்கிட்டே இருக்கும் அண்ணாச்சி. புதுசு அதுல பாதிகூடத் தின்னாது" என்றான் சிவதாணு.

அண்ணாச்சிக்குப் புரியவில்லை. மூலை நாற்காலியில் ஒருவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். சிவதாணுவின் கண் அங்கே போனது. நான் அவன் காலை மிதித்தேன்.

"இந்தா, இவரை மாதிரி. வேலை இல்லேன்னாலும் தீனி நிக்காது. கூடவே உறுமலும்."

"அது என் அளியன். வீட்டுக்காரிக்க தம்பி" என்றார் அண்ணாச்சி.

நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அண்ணாச்சி நாற்காலியை ஒரு தரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பழசை நீங்களே எடுத்துக்கிடுவீங்களா?"

"எடுத்துக்கிடுவோம்" என்றான் சிவதாணு.

"அப்பம், வண்டியில ரெண்டையும் ஏத்திக்கிட்டுப் போயிருங்க."