விண்கலத்தில் ஆயுதபூஜை

அன்று பெங்களூர் சிவாஜிநகர் அச்சகத்தில் பதிப்பக முதலாளியும் நானும் நாவலை எழுதிய தேவராஜ் அண்ணனும் இருந்தோம். நாவலைத் தேர்ந்தெடுத்த மூத்த பதிப்பாசிரியர் இல்லை. உடம்பு சரியில்லாமல் ஊருக்குப் போயிருந்தார். அதனால் ஓர் அறிவியல் நாவலை முதன்முறையாக நானே தனியாகச் செம்மைப்படுத்தியிருந்தேன்.

தேவராஜ் அண்ணன் மர்பி டவுன்காரர், லேத் பட்டறைத் தொழிலாளி. அவர் கதையில் விண்கலத்து ஊழியர்கள் எல்லா இயந்திரங்களையும் நிறுத்தி, பொட்டு வைத்து, ஆயுதபூஜை செய்வார்கள். எங்கள் வீட்டிலேயே முதன்முதலாகக் கல்லூரி வரை படித்தவன் நான். அறிவியல் கதையில் எலுமிச்சம்பழமா என்று கூசி, அந்த அத்தியாயத்தையே அடித்துவிட்டேன்.

அச்சான தாள்களைப் படித்துக்கொண்டிருந்த முதலாளி நிமிர்ந்தார். "ஏன்பா தேவராஜ், இத்தனை மெஷின் ஓடுது, காத்து கசியற சத்தம் மட்டும் எப்படிக் கேட்டுச்சு? உன் ஆளுக்கு என்ன பாம்புக் காதா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பூஜைக்காக இயந்திரங்கள் நின்ற அமைதியில்தான் அந்தக் கசிவு கேட்கும். கதையின் அறிவியலே நான் அடித்த அத்தியாயத்தில்தான் இருந்திருக்கிறது.

தேவராஜ் அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். "மெஷினை நிறுத்திப் பூஜை போடற அத்தியாயம் ஒண்ணு இருந்துச்சு, நான்தான் சார் எடுக்கச் சொன்னேன். தம்பி வேணாம்னுதான் சொன்னாரு. திரும்பச் சேத்துடுங்க, செலவை எனக்குத் தர்ற காசுல புடிச்சுக்குங்க."

வேலை போய்விடும் என்ற பயத்தில் நான் வாய் திறக்கவில்லை. அதன்பிறகு எத்தனையோ நாவல்களைச் செம்மைப்படுத்திவிட்டேன். ஒரு வரியை அடிக்கும் முன்னும் அவர் முகம் வந்து நிற்கிறது. அந்தப் பக்கங்களைத் திரும்ப அச்சிட ஆயிரத்து எண்ணூறு ரூபாய் ஆனது. நாவலுக்கென்று அவருக்குப் பேசியிருந்த தொகையும் அவ்வளவுதான்.