பத்து ரூபா ஆட்டம்

கஸ்பரை எனக்குப் பிடிக்காது. அவரைப் பற்றி நான் எழுதினால் நியாயமாக வருமா என்பது சந்தேகம்தான். ஆனாலும் எழுதுகிறேன்.

நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், எங்களுக்கு மேல் லயத்தில் பிறந்தவர் அவர். குவைத்தில் கட்டட வேலை செய்துவிட்டு எண்பத்து நான்கில் ஊர் திரும்பினார். ஒரு கலர் டிவியும், அதில் மாட்டி விளையாடும் வீடியோ கேம் கருவி ஒன்றும் கொண்டுவந்தார். அட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே மாடியில் ஓர் அறை எடுத்தார். இனி குவைத்துக்குப் போவதில்லை, இந்த அறைதான் பிழைப்பு என்று மனைவி சிசிலியிடம் சொல்லியிருந்தார்.

சம்பளத்துக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை திறந்தார். சாமான் வாங்க டவுனுக்கு வந்த நாங்கள் கும்பலாகப் படியேறினோம். ஓர் ஆட்டத்துக்கு ஆளுக்குப் பத்து ரூபா என்றார். கொழுந்து பறிப்பவர்களுக்கு அது அரைநாள் சம்பளம். கீழே சிவசாமியின் கேரம் கடையில் தோற்றவன் மட்டும்தான் காசு கொடுப்பான். எங்கள் பக்கத்து வழக்கம் அது. அப்படியே இங்கும் வைக்கலாமே என்று ஃபேக்டரியில் வேலை செய்யும் அழகன் சொல்லிப் பார்த்தான். இரண்டு பேரும் முன்னாலேயே கொடுக்க வேண்டும், வேடிக்கை பார்ப்பவர்கள் இறங்க வேண்டும் என்றார் கஸ்பர். பிறகு அழகனின் காலைப் பார்த்தார். செருப்பில்லாத கால், விரலிடுக்கில் சேறு.

"லயத்து ஆளுகளுக்கு இல்லடா இது. டவுன் ஆளுகளுக்கு வச்சிருக்கேன்."

"அண்ணே எந்த பங்களாவுலங்க பொறந்தீங்க?" என்றான் அழகன். சிரித்துக்கொண்டே இறங்கிவிட்டோம்.

டவுன் ஆட்கள் வரத்தான் செய்தார்கள். கடை முதலாளிமாரின் பிள்ளைகளுக்குப் பத்து ரூபா பெரிதல்ல. ஆனால் கருவிக்குள் இருந்தது ஒரே ஒரு பந்து. டென்னிஸ் என்றாலும் ஃபுட்போல் என்றாலும் அதே பந்துதான். இரண்டு கோடுகள் ஏறி இறங்கி அதைத் தட்டும். கப்பலைச் சுடும் ஆட்டம் இல்லையா என்று கேட்டார்கள். அந்தக் கருவியில் வேறு ஆட்டம் போட வழியே கிடையாது. மலிவாகக் கிடைத்ததை வாங்கி வந்து, உசத்தி விலை வைத்திருந்தார். ஒரு மாதத்தில் அவர்களும் வரவில்லை.

வாடகை கட்ட முடியாமல் போனபோது கேரம் கடைக்கு அவரே இறங்கி வந்தார்.

"வாங்கப்பா, ரெண்டு ரூபாதான். தோத்தவன் குடுத்தாப் போதும்."

யாரும் பலகையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அழகன் அடுத்த காயைக் குறிவைத்தபடியே சொன்னான்:

"அன்னைக்கி எங்க காலப் பாத்தீங்க. இன்னைக்கி சட்டப் பையப் பாக்குறீங்களாக்கும்."

சித்திரைக்கு முன்பே அறையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கஸ்பர் மறுபடி குவைத்துக்குப் போனார். பஸ் ஏற்றிவிட வந்த சிசிலி எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

எங்கள் லயத்தில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். வேலை கிடைக்காமல் கேரம் கடையில்தான் நின்றுகொண்டிருந்தேன். அழகன் சொன்னதுதான் சரி என்று அன்று நினைத்தேன். இப்போது அவ்வளவு நிச்சயமில்லை. அந்த ரெண்டு ரூபாவுக்குக் கப்பலைச் சுடும் ஆட்டம் இருந்திருந்தால்? அழகன் போயிருக்க மாட்டான். நான் படியேறியிருப்பேன். அப்போதும் கஸ்பரை எனக்குப் பிடித்திருக்காது.