வடியாத சுவர்

பதுளைக்கு வெளியே, மலைச்சரிவை வெட்டிக் கட்டிய ஒரு கல்லூரியில் ஆசிரியர் பயிற்சிக்குச் சேர்ந்திருந்தேன். அதற்கு முந்திய வருடம் யாரோ ஒருவன் பெண்கள் விடுதிக்குள் ஏறிக் குதித்துவிட்டானாம். அதன் பிறகு வேலியை உயர்த்தி, வாசலில் காவலர் போட்டு, மூலைக்கு மூலை கேமரா பொருத்தியிருந்தார்கள். "இனி ஈ, எறும்புகூட நுழைய முடியாது" என்று முதல் நாளே விடுதிப் பொறுப்பாளர் மேடம் சொன்னார். என் அறைத்தோழி ஹாலிஎலவைச் சேர்ந்தவள். அவள் வீட்டார் வேலியைச் சுற்றிப் பார்த்த பிறகுதான் அவளை விட்டுப் போனார்கள்.

என்னை உறுத்தியது வேலி அல்ல, விடுதிக்குப் பின்னால் மலையைத் தாங்கி நின்ற சுவர். இரண்டு ஆள் உயரம். யாரோ பெரிய ஆள் வருகிறார் என்று புதிதாக வெள்ளையடித்திருந்தார்கள். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ரோட்டோரத்து மண்மேடெல்லாம் தண்ணீர் கக்கியது. எங்கள் சுவரிலிருந்து மட்டும் ஒரு சொட்டுக்கூட வடியவில்லை.

நான் பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். ஒரு மழைக்காலத்தில் எங்கள் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் மண் சரிந்து, பள்ளிக்கூடத்தில் மாதக்கணக்கில் படுத்திருந்தோம். சரிவதற்கு முன்னால், எப்போதும் வடிந்துகொண்டிருந்த ஊற்று நின்றுபோயிருந்தது. அதை நான் மறக்கவில்லை.

குளிக்கப் போகும்போதெல்லாம் சுவரைப் பார்த்தேன். அதன் அடியில் மழைத்தண்ணீர் போக ஓடிய சிமெண்டுக் கானில் மயிரிழை போல ஒரு வெடிப்பு. அதன் குறுக்கே மார்க்கர் பேனாவால் கோடு போட்டு வைத்தேன். நான்காம் நாள் கோட்டின் இரண்டு பாதியும் ஒன்றோடொன்று சேரவில்லை.

"என்னாடி, எந்நேரமும் செவுத்தையே மொறச்சிக்கிட்டு நிக்கிற?" என்றாள் தோழி.

"அதுல தண்ணி வரல."

"வரலன்னா நல்லதுதானே?"

மேடத்திடம் சொன்னேன். பொறியியலாளர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட சுவர் என்றார். மற்றப் பிள்ளைகளைப் பயமுறுத்தாதே என்றார். படம் எடுத்தாயா என்று கேட்டு, போனிலிருந்து அழிக்க வைத்தார். அதுவரை சுவரின் மேல் மட்டும் இருந்த சந்தேகம் அன்றைக்கு அவர் மேலும் விழுந்தது. இதில் யாருக்கு என்ன தெரியும் என்று ஒவ்வொரு முகமாகப் பார்க்கத் தொடங்கினேன்.

அந்தச் சனிக்கிழமை பகலில், உடைந்த குடைக்கம்பியோடு போய்ச் சுவரின் அடியைச் சுரண்டினேன். வட்டமாக ஓரிடத்தில் மட்டும் பூச்சு வேறு மாதிரி இருந்தது. கேமராவில் பார்த்துவிட்டுக் காவலர் ஓடிவந்தார். பெரகலப் பக்கத்துத் தோட்டத்து ஆள்.

"என்னா புள்ள செய்ற? செவுத்த ஒடைக்கிறியா?"

"அண்ணே, இது செவுத்துக்குப் பின்னால சேர்ற தண்ணி வடியிற கொழாய். அடச்சிருக்காங்க."

"ஒனக்கு யாரு சொன்னா? வா, மேடத்துக்கிட்ட போவோம்."

"வர்றேண்ணே. இத்தன நாளா மழ பெய்யிது. இங்க ஒரு சொட்டு வருதான்னு பாத்துட்டுக் கூட்டிப் போங்க."

அவர் அண்ணாந்து சுவரையும் அதற்கு மேலிருந்த மலையையும் பார்த்தார். பிறகு என்னை விலக்கிவிட்டுத் தன் கைத்தடியால் அந்த வட்டத்தில் ஓங்கிக் குத்தினார். பூச்சு உடைந்தது. கசங்கிய சிமெண்டுப் பைத் தாள் வெளியே தெறிக்க, பின்னாலேயே செம்மண் தண்ணீர் பாய்ந்து அவர் காலில் அடித்தது.

"எல்லாரும் வெளிய வாங்க!" என்று கத்திக்கொண்டே விடுதிக்குள் ஓடினார்.

வெள்ளைச் சுவரில் செம்மண் கறை வழியக்கூடாது என்று குழாய்களை அடைத்திருக்கிறார்கள். யார் சொல்லி அடைத்தார்கள் என்பது கடைசிவரை வெளிவரவில்லை.

சுவர் விழவில்லை. அதிகாரிகள் வந்து பார்த்து விடுதியின் பின்பகுதியை மூடச் சொன்னார்கள். எங்களுக்குக் கல்லூரி மண்டபத்தில் படுக்கை. அறை போன கோபத்தில் சிலர் என்னோடு பேசவில்லை. சுவரைச் சேதப்படுத்தியதற்காகக் கொடுத்த எச்சரிக்கைக் கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

சில நாள் கழித்து, மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது என்னைவிட வயதில் இளைய ஒரு மாணவி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா, இந்த மண்டபத்துக்குப் பின்னாலயும் ஒரு மேடு இருக்கே. பயமில்லையே?"

"ஒண்ணுமில்ல, பயப்படாத" என்றேன். அவள் முகம் தெளிந்தது.

அந்த மேட்டை நான் ஒருமுறைகூடப் போய்ப் பார்த்ததில்லை. சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனேன்.