சைரன் வீட்டுச் சத்தம்

தெருவில் அவரை எல்லோரும் சைரன் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர்தான். ஆனால் பெயர் வந்தது வண்டியால் அல்ல. அவர் பேசினால் பக்கத்தில் நிற்பவருக்கே பாதிதான் கேட்கும். கடையில் பால் பாக்கெட் கேட்டால் கடைக்காரர் காதில் கைவைத்துக்கொண்டு, "சைரனைக் கொஞ்சம் சத்தமா அடிங்கண்ணே" என்பார். அப்படி ஒட்டிய பெயர் பிறகு உதிரவே இல்லை. அவரும் அதற்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டார்.

அவர் வீட்டு மாடியில் நான் குடியிருந்தேன். கீழே அவர், மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் அவர் மனைவி, ஒரே மகள். மாடிப்படி அவர்கள் கூடத்துச் சன்னலை உரசிக்கொண்டுதான் ஏறும். அதனால் அந்த வீட்டுப் பேச்சில் முக்கால்வாசி, கேட்க வேண்டாம் என்று நினைத்தாலும் என் காதில் விழும்.

வேலை முடிந்து வந்தால் அவர் நேராக வீட்டுக்குள் போக மாட்டார். பின்பக்கமாகச் சுற்றிப் போய், சட்டையை வாளியில் ஊறப்போட்டு, குளித்து, தலை துவட்டிய பிறகுதான் உள்ளே கால் வைப்பார். வண்டியில் பார்த்ததை வீட்டில் பேசும் வழக்கமும் கிடையாது. "இன்னைக்கு எப்படிங்க?" என்று மனைவி கேட்டால், "டிராஃபிக்" என்பார். அவ்வளவுதான்.

தொழிலைப் பற்றி என்னிடம் அவர் பேசியது ஒரே ஒரு நாள். தண்ணீர் மோட்டார் மக்கர் செய்து, இரண்டு பேரும் அதைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தோம். 'வண்டியில் யாரும் சாவதில்லை' என்று அவர்களுக்குள் ஒரு சொல் உண்டாம். ஆள் போய்விட்டார் என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் ஆள் இருக்கிறார் என்றே அர்த்தம். கூட வரும் உறவுக்காரர்கள் இவர்கள் வாயையே பார்த்துக்கொண்டு வருவார்கள். அதற்காக ஒரு சங்கேதப் பேச்சு வைத்திருக்கிறார்கள். பின்னால் இருக்கும் நர்ஸ், "அண்ணே, பேஷண்ட் சத்தமா இருக்காரு" என்றால் நினைவோடு இருக்கிறார், பயமில்லை. "அமைதியா இருக்காரு" என்றால் இனி அவசரம் இல்லை.

"அதைக் கேட்டதும் வேகத்தைக் குறைப்பீங்களாண்ணே?" என்று கேட்டேன்.

"குறைச்சா கூட வர்றவங்களுக்குத் தெரிஞ்சிடும் தம்பி. அதே வேகத்துலதான் போகணும்" என்று சொல்லிவிட்டு, மோட்டாரின் நட்டை மண்ணெண்ணெயில் போட்டார்.

வீடியோ கேம் பெட்டி அந்த வீட்டுக்கு வந்தது அம்மா வழியாக. கண்ணாடிக் கடை முதலாளியின் மகன் மேல்படிப்புக்குப் போனபோது, சும்மா கிடக்கிறதே என்று முதலாளி தூக்கிக் கொடுத்துவிட்டார். அப்போது மகளின் எதிர்வீட்டுத் தோழி வேறு ஊருக்குக் குடிபோயிருந்தாள். மகள் சாயங்காலங்களில் வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்து பொழுதைப் போக்கிக்கொண்டிருந்தாள். பெட்டி வந்த பிறகு, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஊர் மாறிப்போன அதே தோழியோடும் இன்னும் சில பிள்ளைகளோடும் ஓர் அணியாகத் தீவுகளில் குதித்து யாரையோ சுட்டுக்கொண்டிருந்தாள்.

அம்மாவுக்கு இதில் இருந்த பயம் கண்ணைப் பற்றியது. நாள் முழுக்கப் பிள்ளைகளுக்குக் கண்ணாடி மாட்டிப் பார்ப்பவருக்கு வேறு என்ன பயம் வரும்? விளையாட்டின் நடுவில் சமையலறையிலிருந்து திடீரென்று குரல் வரும்: "ஏய், அங்கேருந்தே காலண்டர்ல தேதியைப் படி!" மகள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே அன்றைய தேதியைச் சொல்வாள். ஒரு நாள் தாளைக் கிழிக்க எல்லோரும் மறந்துவிட்டார்கள். காலண்டரில் இருந்தது முந்தின நாள். அவள் சொன்னது அன்றைய நாள். அகப்பட்டுக்கொண்டாள். மறுவாரமே அம்மா அவளைக் கடைக்கு இழுத்துப் போய்ச் சோதித்தார். பார்வையில் ஒரு குறையும் இல்லை. "கண்ணு நல்லாத்தான் இருக்கு, பார்க்குறதுதான் சரியில்ல" என்று சொல்லிக்கொண்டே திரும்பி வந்தார்.

அப்பாவின் பயம் வேறு. அது ஒரே ஒரு வார்த்தையில் இருந்தது.

அவள் விளையாட்டில் கெட்டிக்காரி இல்லை. குதித்த கொஞ்ச நேரத்தில் எவனாவது அவளைச் சுட்டுவிடுவான். உடனே தெருமுனை வரை கேட்கும்படி, "ஐயோ, செத்துட்டேன்!" என்பாள். அடுத்த ஆட்டத்தில் மறுபடி, "செத்துட்டேன்டி!" நான் படியேறி என் அறைக் கதவைத் திறப்பதற்குள் அவள் செத்துப் பிழைத்து மறுபடி செத்திருப்பாள்.

சைரன் குளித்துவிட்டுத் துண்டோடு வரும்போது அந்தக் குரல் கேட்டால் அப்படியே நின்றுவிடுவார்.

"அந்த வார்த்தையைச் சொல்லாதன்னு எத்தனை தடவை சொல்றது?"

"கேம்ப்பா. கேம்ல செத்துட்டேன்."

"எதுலயா இருந்தாலும் சரி. வாயில வர வேண்டாம்."

அவர் மனைவிக்குச் சிரிப்புதான் வரும். "ஏங்க, செத்தவ எங்கயாவது இப்படிக் கத்துவாளா? விடுங்க. கண்ணு முன்னாடி இருக்கா, அது போதாதா? வெளியே எங்க போனா, யாரோட போனான்னு தேட வேண்டியதில்ல."

"நீ கடையில உட்கார்ந்திருக்க. உனக்குத் தெரியாது."

"ஆமா, நான் என்னத்தைக் கண்டேன். எனக்குத் தெரிஞ்சதெல்லாம் பவர் மட்டும்தான்."

அந்த அம்மா என்னிடம் ஒரு விஷயத்தைச் சொன்னார். எப்போதோ ஸ்கூட்டரிலிருந்து விழுந்த ஒரு பெண் பிள்ளையை இவர் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். கை முறிவுதான், கட்டுப் போட்டு அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆனால் வழி முழுக்க அது, "நான் செத்துட்டேனா? நான் செத்துட்டேனா?" என்று கேட்டுக்கொண்டே வந்ததாம். குரல் அப்படியே நம் வீட்டுக் குரல் என்று மனைவியிடம் ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறார். மகளிடம் சொல்லவில்லை. சொன்னால் வண்டி வீட்டுக்குள் வந்துவிடும் அல்லவா?

வழக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னிடம் வந்தது. தெருவில் எனக்குப் படித்தவன் என்று பெயர். கஷ்டப்பட்டு வாங்கிய பெயர் என்பதால் நான் அதை மறுப்பதில்லை.

"நீங்க படிச்சவர், நீங்களே சொல்லுங்க தம்பி" என்றார் சைரன். கூடத்தில் மகள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

நான் யோசித்துத் தீர்ப்புச் சொன்னேன். "விளையாட்டை நிறுத்த வேண்டாம்ணே. அந்த வார்த்தையை மட்டும் மாத்திக்கட்டும். தமிழ்ல வேற வார்த்தையா இல்ல?"

இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்டன. எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

முதல் நாள் 'அவுட்' என்று சொல்லிப் பார்த்தாள். ஹெட்போனுக்குள் எல்லோரும் சிரித்திருப்பார்கள் போலிருக்கிறது. "கிரிக்கெட் இல்லடி, தெரியும்டி, எங்க அப்பா..." என்று தாழ்ந்த குரலில் என்னவோ விளக்கிக்கொண்டிருந்தாள். மறுநாள் நான் படியேறும்போது கேட்டது:

"ஐயோ, நான் காலமாகிட்டேன்!"

அடுத்த ஆட்டத்தில் "இயற்கை எய்திட்டேன்டி!" என்றாள். அதற்கடுத்து "இம்மண்ணுலகை விட்டுப் பிரிஞ்சிட்டேன்!" என்றாள். செய்தித்தாளின் இரங்கல் பக்கத்தை ஒழுங்காகப் படித்துவிட்டு வந்திருந்தாள். அம்மா சமையலறையில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்கும் படியில் நிற்க முடியவில்லை.

"ஆழ்ந்த வருத்தத்துடன்..." என்று அவள் தொடங்கியபோது அப்பா பின்கட்டிலிருந்து வந்தார். தலை துவட்டி முடிக்கவில்லை. நேராகப் பெட்டிக்குப் பின்னால் குனிந்து, சுவரிலிருந்து வயரை உருவி, சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போனார். மறுநாள் அந்த வயர் ஆம்புலன்ஸில், டூல்ஸ் பெட்டிக்குள் ஜாக்கிக்குப் பக்கத்தில் கிடந்தது.

அதற்குப் பிறகு கீழ்வீட்டில் சத்தமே இல்லை. மகள் அழவில்லை, கதவை அறையவில்லை, சாப்பாட்டைத் தள்ளவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள். அதுவும் ஒரு வார்த்தையில். "சாப்பிட்டியா?" "ம்." "பாடம்?" "முடிஞ்சுது." அப்பா வேண்டுமென்றே, "காலண்டர்ல என்ன தேதி?" என்று விளையாட்டாகக் கேட்டார். எழுந்து போய்ப் பக்கத்தில் நின்று பார்த்துச் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தாள். நாட்கள் போகப் போக, குளித்து வந்ததும் அவர் கூடத்தில் உட்காராமல் வாசலில் போய் நிற்க ஆரம்பித்தார். வார்த்தை போய்விட்டது. கூடவே பெண்ணும் போய்விடுவாளோ என்று நினைத்திருக்க வேண்டும். சொல்கிற ஆள் இல்லை அவர்.

ஊர் மாறிப்போன தோழி அம்மாவின் போனுக்குக் கூப்பிட்டாள். "ஆன்ட்டி, அவளை எப்ப விடுவீங்க? அவ இல்லாம போரடிக்குது. எங்க டீம்ல அவதான் முதல்ல சாவா. இப்ப நான் முதல்ல சாகுறேன்."

அம்மா இதைச் சிரித்துக்கொண்டே கணவரிடம் சொன்னார். அவர் சிரிக்கவில்லை. ஆனால், "முதல்லயேவா?" என்று ஒரு கேள்வி கேட்டார்.

பள்ளி விடுமுறை வந்தது. கண்ணாடிக் கடைக்கு வார விடுமுறை நாள். அம்மா வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தார். மகள் சோபாவில் மல்லாந்து படுத்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மதியம் சைரன் ஒரு நோயாளியை ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டு வண்டியைக் கழுவி முடித்து, வீட்டுக்குப் போன் செய்தார்.

"குட்டி என்ன பண்றா?"

"அமைதியா இருக்கா" என்றார் அவர் மனைவி.

போனில் ஆஸ்பத்திரி வாசல் இரைச்சல் மட்டும் வந்தது.

"ஏங்க? லைன்ல இருக்கீங்களா?"

"என்ன சொன்ன?"

"அமைதியா இருக்கான்னேன். காலையிலேருந்து ஒரு வார்த்தை இல்ல. ஏன், உங்களுக்கு இதுதானே வேணும்?"

போன் துண்டிக்கப்பட்டது. அந்தச் சொல்லுக்கு வெளியில் வேறு அர்த்தம் உண்டு என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. மனைவிக்கு வண்டிப் பேச்சு தெரியாது என்பதும் தெரியும். எல்லாம் தெரிந்தும் போனைப் பையில் போடாமலே வண்டியை எடுத்தார் என்று நர்ஸ் பிறகு சொன்னார். ஆம்புலன்ஸ் நிலையத்துக்குத் திரும்பும் வழி எங்கள் தெருவைத் தாண்டித்தான். அன்றைக்கு அவர் தாண்டவில்லை.

தெருவுக்குள் ஆம்புலன்ஸ் நுழைந்தால் எப்படி இருக்கும்? வண்டியின் சைரன் ஒலிக்கவில்லை, விளக்கும் சுழலவில்லை. இருந்தாலும் கடைக்காரர் கல்லாவை விட்டு இறங்கிவிட்டார். மாடிகளில் தலைகள் முளைத்தன. "யாருக்கு? யாருக்கு என்ன ஆச்சு?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். நானும் செருப்பு மாட்டாமல் இறங்கி ஓடினேன்.

அவர் வண்டியை நிறுத்தி, டூல்ஸ் பெட்டியைத் திறந்து, எதையோ எடுத்துக்கொண்டு உள்ளே போனார். வாசல் வழியாக, செருப்போடு, யூனிஃபார்மோடு, குளிக்காமல். அந்த வீட்டில் அப்படி அவர் நுழைந்து நான் பார்த்ததில்லை.

"ஏங்க, என்ன இது? யாருக்கு என்ன?" மனைவி மடித்த துணியோடு எழுந்துவிட்டார்.

அவர் சோபாவுக்கு முன்னால் போய் நின்றார். மகள் மின்விசிறியிலிருந்து கண்ணை இறக்கி அப்பாவைப் பார்த்தாள். பிறகு அவர் கையைப் பார்த்தாள். கறுப்பு வயர், கிரீஸ் பட்டு நுனி பளபளத்தது.

"எந்திரி" என்றார்.

எழுந்து உட்கார்ந்தாள். அவர் வயரை நீட்டினார்.

"அவுட்னு சொல்லணுமாப்பா?"

"என்னமோ சொல்லிக்க."

"அந்த வார்த்தையையா?"

"வாயைத் திறந்து சொல்லு. அது போதும்."

அவள் வயரை வாங்கி நுனியைச் சட்டையில் துடைத்தாள். "ஐயையோ, அது வெள்ளைச் சட்டைடி!" என்று அம்மா கத்தினார்.

வெளியே கூட்டம் கூடியிருந்தது. கடைக்காரர், "அண்ணே, யாருக்கு முடியல?" என்று கேட்டார். "யாருக்கும் ஒண்ணும் இல்ல, ஒரு வயர் குடுக்க வந்தேன்" என்றார் சைரன். வழக்கம்போல் பாதிதான் கேட்டது. யாருக்கோ உயிர் கொடுக்க வந்தாராம் என்று பின்வரிசைக்குப் போய்ச் சேர்ந்தது.

தெரு குறுகல். வண்டியைத் திருப்ப இடமில்லை. பின்னாலேயேதான் எடுக்க வேண்டும். நான் பின்பக்கம் நின்று, "வாங்க, வாங்க, லெஃப்ட்ல ஒடிங்கண்ணே" என்று கைகாட்டிக்கொண்டிருந்தேன். பின்கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே நர்ஸ் உட்கார்ந்திருந்தார். வண்டி சன்னலுக்கு நேராக வந்தபோது உள்ளேயிருந்து கூரை அதிரும்படி ஒரு குரல் வந்தது.

"ஐயோ, செத்துட்டேன்டி!"

நர்ஸ் திடுக்கிட்டுத் தலையை நீட்டினார். "அண்ணே! யாருண்ணே அது?"

சைரன் பக்கவாட்டுக் கண்ணாடியிலிருந்து பார்வையை எடுக்கவில்லை. முதல்முறையாக அவர் பேசியது வண்டியின் பின்புறம் வரைக்கும் கேட்டது.

"எம் பொண்ணும்மா. சத்தமா இருக்கா."