ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பயணம் போகவில்லை

நானும் என் அக்காவும் நாலு வருஷம் பேசாமல் இருந்ததற்குக் காரணம் ஒரு ஞாயிற்றுக்கிழமை.

பாளையங்கோட்டை மிஷன் பள்ளிக்கூடங்களில் வளர்ந்த எங்கள் கூட்டத்துக்கு அந்தக் காலத்தில் ஞாயிறு என்றால் ஓய்வுநாள். அடுப்பு மூட்டமாட்டோம், சனிக்கிழமை வைத்த குழம்புதான். ஊசியில் நூல் கோக்கமாட்டோம். வண்டியேறி வெளியூர் போவது என்ற பேச்சுக்கே இடமில்லை. வேதக்கோயில் என்று நாங்கள் சொல்லும் சர்ச்சுக்கு நடந்து போகலாம், நடந்து வரலாம். மற்ற நேரமெல்லாம் வீட்டில் உட்கார்ந்து நல்லவர்களாக இருக்கவேண்டும். எனக்கு அதுதான் கஷ்டம்.

என் கல்யாணம் ஒரு திங்கட்கிழமை காலையில் நடந்தது. அம்மா இல்லாத எனக்கு, தாய் ஸ்தானத்தில் பக்கத்தில் நின்று முக்காட்டைச் சரிசெய்து விடவேண்டியவள் அக்காதான். சாத்தான்குளத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். சனிக்கிழமை புறப்பட்டவர்களுக்கு வழியில் மாடு நொண்டிவிட்டது. ஞாயிறு பிறந்துவிட்டதே என்று, பாளையங்கோட்டைக்கு எட்டு மைல் இருக்கும்போது ஒரு ஊரில் வண்டியை அவிழ்த்துப் போட்டுவிட்டு நாள் முழுக்க உட்கார்ந்துவிட்டார்கள். திங்கட்கிழமை நொண்டி மாட்டோடு ஊர்ந்து அவள் வந்து இறங்கியபோது எனக்குத் தாலி ஏறி, பந்தியும் முடிந்து, எல்லாரும் கை கழுவிக்கொண்டிருந்தார்கள்.

“இவ்வளவு நேரங்கழிச்சு வாரதுக்கு நீ வராமலே இருந்திருக்கலாம்” என்றேன். அத்தனை பேருக்கு முன்னால் சொன்னேன். அவள் ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் வண்டியைத் திருப்பச் சொல்லிவிட்டாள்.

அதற்குப் பிறகு கடிதம் கிடையாது, போக்குவரத்து கிடையாது. நாலாம் வருஷம் ஒரு வியாழக்கிழமை அத்தானிடமிருந்து தபால் கார்டு வந்தது. கொழும்பில் வேலை கிடைத்திருக்கிறது, குடும்பத்தோடு கப்பலேறுகிறோம், திங்கட்கிழமை விடியற்காலம் தூத்துக்குடிக்கு வண்டி கட்டுகிறோம் என்று நாலே வரி. அக்கா கேட்டதாக ஒரு எழுத்து இல்லை. கொழும்புக்குப் போனவர்கள் எப்போது திரும்புவார்கள் என்று யாருக்குத் தெரியும்? அதற்குள் அவளைப் பார்த்து அந்த வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்ளவேண்டும் என்று எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

ரயிலில் தூத்துக்குடிக்கே போய்க் கப்பலடியில் பார்த்துவிடலாமே என்றேன். என் வீட்டுக்காரருக்கு ரயிலுக்குக் கொடுக்கும் காசு என்றாலே நெஞ்சு அடைக்கும். பள்ளிக்கூடத்து வாத்தியார். சாக்குக்கட்டியைக்கூட நகம் தேயும் மட்டும் விடமாட்டார்.

“சண்டையைத் துறைமுகத்துலயா தீக்கிறது? மேலப்பாளையத்துச் சாயபு வண்டி சாத்தான்குளத்துக்குப் போகுது. நமக்கு ஓசி” என்றார்.

அந்தச் சாயபு கைலி, துண்டு கொண்டுபோய் விற்றுவிட்டு, திரும்பும்போது கருப்பட்டி ஏற்றிவரும் வியாபாரி. இவர் அவருக்கு எப்போதோ ஒரு மனு எழுதிக் கொடுத்திருந்தார். அந்த மனுவை வைத்தே எங்களை ஊர் ஊராகச் சுமக்கவைக்க இவர் தீர்மானித்திருந்தார் என்று நினைக்கிறேன்.

அக்காவுக்கென்று ஒரு பத்தமடைப் பாய் வைத்திருந்தேன். பட்டுத்துணி மாதிரி மடிக்கலாம். என் கல்யாணத்துக்கு வந்ததில் நல்லது அதுதான். வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் ஏறினோம். இரவு ஒரு சத்திரத்தில் படுத்து, சனிக்கிழமை பொழுது சாய்வதற்குள் போய்விடலாம் என்பது கணக்கு.

சனிக்கிழமை காலையில் ஒரு சுங்கச்சாவடி தென்பட்டது. கேட்டைத் தாண்டவேண்டுமென்றால் வண்டிக்குச் சுங்கம் கட்டவேண்டும். சாயபு பேசாமல் மடியில் கைவிட்டார். இவர்தான் விடவில்லை. ஓசியில் வந்த மனுஷனுக்கு அடுத்தவர் காசிலும் அவ்வளவு அக்கறை.

“என்னத்துக்கு வே தண்டம்? அந்தா தெரியுதுல்லா ஒரு தடம், அதுல போனா கேட்டுக்கு அந்தப் பக்கம் போய் ஏறிரலாம்.”

“அது தேரி மண்ணு, வாத்தியாரே.”

“பைய ஓட்டும். எனக்குத் தெரியும்.”

அவருக்குத் தெரியாது. செம்மணலில் இரண்டு கூப்பிடு தூரம் போனதும் சக்கரம் அச்சுவரை புதைந்தது. மாட்டை அவிழ்த்துவிட்டு மூன்று பேரும் கையால் மண்ணைப் பறித்தோம். சக்கரத்தை ஒருவழியாகக் கிளப்பினால் கடையாணியைக் காணோம். அது இல்லாவிட்டால் சக்கரம் கழன்று தனியே ஊர்கோலம் போய்விடும். மத்தியானம்வரை மணலைச் சலித்தோம். கடைசியில் சாயபு ஒரு உடைமரக் குச்சியைச் செதுக்கி அடித்தார்.

நிமிர்ந்து பார்த்தால், வலது மாடு சாவகாசமாக என் பாயின் மூலையைத் தின்றுகொண்டிருக்கிறது. கோரைப்புல்தானே, அதற்கென்ன தெரியும்? நான் கத்தி இழுத்த இழுப்பில் ஒரு சாண் பாய் மாட்டோடு போய்விட்டது.

“பத்தமடைப் பாயின்னா சும்மாவா! மாட்டுக்கே ருசி தெரியுது” என்றார் சாயபு. என் முகத்தைப் பார்த்ததும் மாட்டின் முதுகில் ஒரு தட்டு தட்டினார், எனக்காக.

குச்சியை நம்பி ஓட்டமுடியுமா? ஊர்ந்து ஊர்ந்து, சாத்தான்குளத்துக்குப் பத்து மைல் இருக்கும்போது பொழுது அடைந்துவிட்டது. அந்த ஊரில் ஒரு சின்ன வேதக்கோயில் இருந்தது. அதைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் வீட்டில் கஞ்சி கொடுத்தார்கள். என் வீட்டுக்காரர் கால் நீட்டிக்கொண்டு, “இனி திங்கக்கிழமைதான்” என்றார்.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

“திங்கக்கிழமை விடிய அக்கா போயிருவாளே!”

“அதுக்கு? ஓய்வுநாள்ல வண்டியேறச் சொல்லுதியா?”

“பத்து மைலுதானேம்மா, வெயிலுக்கு முன்ன கொண்டுபோய் விட்டுருதேன்” என்றார் சாயபு. இவர் அவரை நாத்திகனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். ஐந்து வேளை தொழுகிற மனுஷனை!

நான் அன்றைக்குத் தூங்கியதாக ஞாபகம் இல்லை. விடியற்காலம் பக்கத்து ஊர்க் கோயில் மணி காற்றில் கேட்டது. எனக்குப் புத்தி வந்ததும் அந்த மணியில்தான். முகம் கழுவிக்கொண்டிருந்தவரிடம் போய் மெல்ல ஆரம்பித்தேன்.

“ஏங்க, கோயிலுக்கு நடந்து போறது பயணமா?”

“அது எப்படிப் பயணமாகும்?”

“இங்கன காலை ஆராதனை முடிஞ்சதும் அந்த ஊர் ஆராதனைக்கும் போனா பாவமா?”

“பாவம் என்ன பாவம்? பக்திதான்.”

“அதுக்கு அடுத்த ஊருலயும் கோயில் இருக்காம்.”

துண்டால் முகத்தைத் துடைத்தவர் துடைத்துக்கொண்டே இருந்தார். சாத்தான்குளம்வரைக்கும் மூன்று நாலு மைலுக்கு ஒரு வேதக்கோயில் என்பது அவருக்கும் தெரியும். மறுத்தால் பக்தியை மறுத்ததாகும்.

“மூட்டை?” என்றார் கடைசியாக.

“மூட்டைக்கு ஓய்வுநாள் கெடையாதுல்லா. அது என் வண்டியில வரட்டும்” என்றார் சாயபு.

அந்த ஊர்க் காலை ஆராதனையை முடித்துக்கொண்டு அப்படியே புறப்பட்டோம். நாங்கள் நடக்க, பக்கத்திலேயே வண்டி நடைவேகத்தில் வந்தது. அதில் எங்கள் மூட்டையும் பாயும் ராஜா மாதிரி உட்கார்ந்து வந்தன. எதிரே வந்தவர்களிடமெல்லாம் சாயபு, “வேதக்காரவுக நடக்காவ, அவுக பாயி சவாரி போகுது” என்று சொல்லிச் சிரித்தார். இவர் நிமிர்ந்த தலை குனியாமல் நடந்தார்.

இரண்டாவது கோயிலில் பாதி ஆராதனையில் நுழைந்து, முழு ஞானப்பாட்டும் பாடி, காணிக்கைப் பையில் காசு போட்டுவிட்டு வந்தோம். வெளியே வந்ததும் இவர் முகம் சுண்டியிருந்தது. ஒவ்வொரு கோயிலிலும் பை நீட்டுவார்கள் என்பதை இவர் யோசிக்கவில்லை.

மூன்றாவது கோயிலில்தான் என் உயிர் போயிற்று. அந்த ஊர் உபதேசியாருக்குத் தொண்டை கட்டியிருந்தது. பாளையங்கோட்டை வாத்தியார் வந்திருக்கிறார் என்றதும் கையைப் பிடித்துப் பிரசங்கபீடத்தில் ஏற்றிவிட்டார். ஓசியாகக் கிடைத்த பிரசங்கபீடத்தை என் வீட்டுக்காரர் விடுவாரா? பொறுமை என்ற பொருளில் ஆரம்பித்தார். ஜன்னல் நிழல் ஒரு தூணிலிருந்து அடுத்த தூணுக்குப் போய்விட்டது. வேதத்தில் வரும் யோபுவின் புண்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இருமிப் பார்த்தேன். புத்தகத்தைக் கீழே போட்டேன். அவர் என்னைப் பார்த்து, “பொறுமையற்றவர்கள் நம் நடுவிலும் உண்டு” என்றார்.

வேறு வழியில்லை. மூச்சு வாங்க அவர் நிறுத்திய இடத்தில் எழுந்து நின்று, முடிவுப் பாட்டை உச்சக் குரலில் எடுத்துவிட்டேன். பாட்டு எழுந்தால் சபை எழுந்து நின்றாகவேண்டுமே! எல்லாரும் எழுந்து பாடினார்கள். பின்வரிசைக் கிழவர்கள் சந்தோஷமாகப் பாடியது எனக்குக் கேட்டது. இவர் பீடத்தில் வாயைத் திறந்தபடி நின்றுவிட்டு, தானும் பாடினார்.

அடுத்த மூன்று மைல் என்னோடு பேசவில்லை. சுடுமணலில் என் காலும் பேசமுடியாத நிலையில்தான் இருந்தது.

சாத்தான்குளத்துக் கோயிலில் சாயங்கால ஜெபம் நடந்துகொண்டிருந்தது. பெண்கள் பக்கத்தில் தூணோரம் அக்கா உட்கார்ந்திருந்தாள். இளைத்திருந்தாள். நான் பாயை விரித்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். கடிபட்ட மூலை அவள் பக்கம் போய்விட்டது. ஒரு பார்வை பார்த்தாள். என் புழுதிக் காலைப் பார்த்தாள். மறுபடி முன்னால் திரும்பிக்கொண்டாள்.

எல்லாரும் முழங்காலிட்டுக் கண்ணை மூடியதும் மெதுவாகக் கேட்டாள்.

“ஞாயித்துக்கிழமை பயணம் வந்தியாட்டி?”

“இல்லக்கா. கோயிலுக்கு வந்தேன்.”

“பாளையங்கோட்டையில கோயில் இல்லையோ?”

“காலையிலிருந்து இது நாலாவது கோயில். பத்து மைலும் கோயில் கோயிலா நடந்தே வந்தேன்.”

அவள் தோள் குலுங்கிற்று. சிரிக்கிறாள் என்று நினைத்து நானும் சிரிக்கப் போனேன்.

“அன்னைக்கு எனக்கு இது தோணாமப் போச்சேட்டி” என்றாள். “எட்டே மைலு. நடுவுல மூணு கோயில். நான் அவுத்துப்போட்ட வண்டியில உக்காந்து, நீ என்ன சேலை கட்டுவ, யாரு முக்காடு போடுவான்னு நாள் பூரா அழுதுட்டுக் கெடந்தேனே.”

அவளுக்குச் சொல்லவேண்டுமென்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்த மன்னிப்பு எனக்கு மறந்தே போயிற்று. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். என் முக்காடு நழுவிக் கிடந்திருக்கிறது. கண்ணைத் துடைத்த அதே கையால் அக்கா அதை இழுத்து நெற்றிவரை விட்டு, காதோரம் சரிசெய்தாள்.

“ஆமென்” என்றார்கள் எல்லாரும். நாங்கள் இரண்டு பேரும் கொஞ்சம் பிந்திச் சொன்னோம்.