களை எடுக்கும் கூட்டம் உருண்டை பிடித்த நாள்

போன் வந்தபோது மல்லாட்டைக்குத் தோல் புடைத்துக்கொண்டிருந்தேன். வேர்க்கடலைக்கு எங்கள் பக்கம் மல்லாட்டை என்றுதான் பேர். கை முழுக்கத் தூசி. முழங்கையால் தட்டி ஸ்பீக்கரில் போட்டேன்.

பேசினது திண்டிவனம் பைபாஸ் ஓட்டல் மேனேஜர். வெளியூர் பஸ்ஸெல்லாம் நின்று போகிற ஓட்டல் அது. வாசலிலேயே தின்பண்டக் கடை. அதில் ஒரு மூலையில் என் மல்லாட்டை உருண்டை இரண்டு டப்பா இருக்கும். அவ்வளவுதான் எனக்கு இடம்.

"எம்மா, பொங்கலுக்கு மொத்தக் கடைக்கும் உருண்டை வேணும். வழக்கமா போடறவரு கைய விரிச்சிட்டாரு. நாளைக்கி சாயங்காலம் வேன் அனுப்புவேன். வேன் நெறையக் குடுப்பியா?"

"குடுப்பேன் சார்."

"யோசிச்சி சொல்லும்மா."

"யோசிச்சிட்டேன் சார்."

"நல்லா இருந்தா வாரா வாரம் உனக்குத்தான். சொதப்பினா அந்த ரெண்டு டப்பாவும் கெடையாது. பாத்துக்க."

நான் யோசிக்கவே இல்லை. வாய் முந்திக்கொண்டது.

என் நாத்தனார் பக்கத்தில் வெல்லம் தட்டிக்கொண்டிருந்தாள். நானும் அவளும்தான் இந்தத் தொழில். ஒரு ஷெட், ஒரு அடுப்பு, ஒரு சட்டி.

"அண்ணி, உங்களுக்கு இன்னா பைத்தியமா? வேன் நெறையன்னா எவ்ளோ தெரியுமா? நம்ம சட்டியில இப்ப ஆரம்பிச்சா மாட்டுப் பொங்கல் தாண்டும்."

"ஆளு வெச்சிக்கலாம்."

"ஆளா? நமக்கா?" என்று சிரித்தாள்.

நான் அஞ்சாவது வரைதான் படித்தேன். போன வருஷம் விழுப்புரத்தில் சின்னத் தொழில் செய்கிறவர்களுக்கு வகுப்பு நடத்தினார்கள். போனேன். பாடம் எடுத்த அம்மா ஒன்று சொன்னார். எல்லாத்தையும் நீயே செய்தால் அது உன் வேலை, நாலு பேருக்கு வேலை கொடுத்தால்தான் அது தொழில் என்று. மற்றதெல்லாம் மறந்துபோச்சு. அது மட்டும் ஒட்டிக்கொண்டது. அவர்கள் மூலமாகத்தான் கடனில் வறுக்கிற மிஷினும் வந்தது. மிஷின் காலையில் கொஞ்ச நேரம் ஓடும். அதற்குள் எங்கள் இரண்டு பேருக்கும் நாள் பூராவும் போதுமான மல்லாட்டையை வறுத்துத் தள்ளிவிடும். மீதி நேரம் சும்மா கிடக்கும். அதைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்குப் பொறுக்காது.

அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் காலனித் தெருவுக்கு ஓடினேன். அங்கே ஒரு அக்கா உண்டு. களை எடுக்க, நாற்று நட, ஆள் கூட்டிவருகிறவர். இப்போது அறுப்புக்கு மிஷின் வந்துவிட்டது. களைக்கு மருந்து அடிக்கிறார்கள். அக்காவின் கூட்டம் பாதி நாள் வீட்டில்தான் இருந்தது. இரண்டு மூன்று பேர் விடியும் முன்னே கம்பெனி வேன் ஏறிப் போகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சின்னக் குழந்தை வைத்திருக்கிறவர்களால் அதுவும் முடியாது.

"அக்கா, நாளைக்கி ஆளு வேணும்."

"எவ்ளோ வேல?"

"ஒரு வேன் லோடு உருண்ட."

"சாயங்காலத்துக்குள்ளயா?"

"ஆமாக்கா."

"செரி, போ."

அவ்வளவுதான் பேச்சு. எத்தனை பேர் என்று நான் சொல்லவில்லை. எங்கள் பக்கம் யாரும் சொல்ல மாட்டார்கள். எவ்வளவு நிலம், என்ன பயிர் என்றுதான் சொல்வோம். ஆளை அக்கா கணக்குப் போட்டுக்கொள்வார். என் மனசில் ஆறு பேர் இருந்தார்கள். அந்த ஆறு என் மனசிலேயே இருந்துவிட்டது.

காலையில் ஷெட்டுக்கு வெளியே சத்தம். எட்டிப் பார்த்தேன். மொத்தக் கூட்டமும் நின்றது. தலையில் துண்டு, கையில் தூக்குவாளி. பழக்கத்தில் ஒருத்தி களைக்கொட்டும் கொண்டுவந்திருந்தாள். இருபது பேருக்குக் குறையாது.

நாத்தனார் என் காதில், "அண்ணி, பாதிப் பேரத் திருப்பி அனுப்பிடுங்க, ஜல்தி," என்றாள்.

எப்படி அனுப்புவது? வரப்பு வரைக்கும் வந்த ஆளைத் திருப்பி அனுப்பினால் அடுத்த முறை ஒரு ஆள் வராது. அது மட்டும் இல்லை. அந்த முகங்களைப் பார்த்தேன். பொங்கல் வேறு வருகிறது.

"உள்ள வாங்க," என்றேன்.

வந்தார்கள். ஷெட் நிரம்பிவிட்டது. சட்டியில் பாகு காய்ச்சி, மல்லாட்டையைக் கொட்டிக் கிளறி இறக்கினேன். நாலு பேர் உட்கார்ந்து பிடித்தார்கள். கண் மூடித் திறப்பதற்குள் சட்டி காலி. மீதிப் பேர் சுவரோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னாமா மொதலாளி, எங்கள வேடிக்க பாக்கவா கூப்ட்ட?"

"அடுத்தது சினிமா போடுவாங்க, இருடி."

"எனக்கு முட்டியெல்லாம் வலிக்குது. நின்னதுக்குத் தனிக் கூலி உண்டா?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. பாகு கொஞ்ச நேரம்தான் இளகி இருக்கும். அதற்குள் பிடித்தாக வேண்டும். அதனால்தான் இத்தனை நாளும் சின்னச் சட்டி. எங்கள் இரண்டு பேருக்கு இருந்தது நாலு கை. அந்த நாலு கைக்கு ஏற்ற சட்டி அது. இப்போது ஷெட் முழுக்கக் கை நிற்கிறது.

அப்போதுதான் பொறி தட்டியது. ஆள் அதிகம் இல்லை. சட்டிதான் சின்னது.

வண்டியை எடுத்துக்கொண்டு திண்டிவனம் போனேன். கல்யாணப் பாத்திரம் வாடகைக்கு விடுகிற கடையில் இருப்பதிலேயே பெரிய வாணலியைக் கேட்டேன்.

"எத்தினி பேருக்கு விருந்து?" என்றார் கடைக்காரர்.

"விருந்து இல்லண்ணா. வேல."

ஒன்றும் புரியாமல் பார்த்தார். லோடு ஆட்டோவில் ஏற்றிவிட்டார். நான் அதற்கு முன்னால் வண்டியில் பறந்தேன். வழியெல்லாம் சிரிப்பு வந்தது. ஏன் என்று தெரியவில்லை.

வாணலியைப் பார்த்ததும் நாத்தனார் முகம் வெளுத்துவிட்டது. "இதுல பாகு தப்பினா மொத்தமும் போச்சு அண்ணி. அவ்ளோ மல்லாட்டை, அவ்ளோ வெல்லம்."

"தப்பாது."

தப்பியது.

பாகு என்னவோ சரியாகத்தான் வந்தது. ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டித் தட்டில் போட்டேன், டங்கென்றது. கொட்டிக் கிளறி இறக்கினோம். ஆனால் கூட்டம் வயலில் நிற்கிற மாதிரியே நீளமாக வரிசையாய் உட்கார்ந்திருந்தது. ஒவ்வொருத்தியாய் எழுந்து வந்து அள்ளிப்போய் உட்கார்ந்தாள். முதல் நாலு பேர் பிடித்தார்கள். நடுவில் இருந்தவர்கள் இடித்துக்கொண்டார்கள். கடைசியில் இருந்தவர்கள் வந்தபோது வாணலியில் இருந்தது கல்.

"கடப்பாரை இருக்குதாம்மா?" என்று ஒருத்தி கேட்டாள்.

இந்த முறை யாரும் சத்தமாகச் சிரிக்கவில்லை. வேன் வரப் பாதி நாள்தான் இருந்தது. நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் அடுப்புக்கு முன்னால் நின்றேன். இன்னொரு வாணலிக்குத்தான் வெல்லம் இருந்தது. அதுவும் போனால் வேன் காலியாகப் போகும்.

அக்கா எழுந்து வந்தார். வாணலியைப் பார்த்தார். வரிசையைப் பார்த்தார்.

"நடவுல நாத்துக்கட்ட நடறவளா எழுந்து வந்து எடுத்துக்கினு போறா?" என்றார்.

"இல்லக்கா. அவங்க நிக்கற எடத்துக்கு வீசுவாங்க."

"அப்புறம்?"

அவ்வளவுதான் சொன்னார். எனக்குப் புரிந்துவிட்டது. எல்லாருக்கும் புரிந்துவிட்டது. "எழுந்திருங்கடி!" என்று யாரோ கத்தினார்கள். வாணலி நடுவில் வந்தது. சுற்றி வட்டமாக உட்கார்ந்தார்கள். வீட்டிலிருந்த சாப்பாட்டுத் தட்டெல்லாம் வந்தது. பத்தாமல் பக்கத்து வீட்டுத் தட்டும் வந்தது. எல்லார் கையிலும் அரிசி மாவு தடவினோம்.

மறுபடி பாகு காய்ச்சினேன். டங்கென்றது. கொட்டினேன். இரண்டு பேர் துடுப்புப் போட்டார்கள். இறக்கியதும் நானும் நாத்தனாரும் அகப்பையால் அள்ளித் தட்டில் போட்டுத் தள்ளினோம். சிமெண்டுத் தரையில் தட்டு வழுக்கிக்கொண்டு ஓடியது.

"இங்க ஒண்ணு!"

"எனக்குத் தள்ளு, எனக்கு!"

"ஐயோ சுடுது!"

"சுட்டாத்தான் உருண்ட. ஆறினா கடப்பாரை."

"அண்ணி, அந்தப் பக்கம் காலி, ஜல்தி!"

நாத்தனார்தான் கத்தியது. அவள் தட்டு தள்ளிய வேகத்தில் ஒன்று வாசல் தாண்டி ஓடியது. துரத்திக்கொண்டு ஒருத்தி ஓடினாள். அத்தனை பேரும் ஒரே சமயத்தில் உருட்டினார்கள். நாற்று நடுகிற அதே கைகள். குனிந்த தலை நிமிரவில்லை. யாரோ நடவுப் பாட்டு ஒன்றை எடுத்தார்கள். மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். வாணலியின் அடி தெரிந்தபோது பாகு இன்னும் இளகித்தான் இருந்தது.

அடி தெரிந்தது! நான் அகப்பையைக் கீழே போட்டுவிட்டுக் கை தட்டினேன். என் வயசுக்கு அது கொஞ்சம் அதிகம்தான்.

திண்டிவனத்துக்கு ஆள் அனுப்பி வெல்லம் வாங்கினோம். மிஷின் அன்றைக்குத்தான் நாள் பூராவும் ஓடியது. வாணலி மேல் வாணலியாக இறங்கியது. ஒரு பக்கம் பிடிக்க, ஒரு பக்கம் ஆற வைக்க, ஒரு பக்கம் டப்பாவில் அடைக்க. எல்லாருக்கும் வேலை இருந்தது. யாரும் சுவரோடு நிற்கவில்லை.

வேனோடு மேனேஜரே வந்தார். டப்பா அடுக்கி இருந்ததைப் பார்த்தார். நடுவிலிருந்து ஒன்றைத் திறந்தார். ஒரு உருண்டையைக் கடித்தார். மென்றார்.

"அடுத்த வாரமும் இதே அளவு," என்றார். "பொங்கல் முடிஞ்சாலும் விடாத. விழுப்புரத்துலயும் கடை தெறக்கறோம், அதுக்கும் ஒரு வேன்."

இன்னொன்று எடுத்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தார். "இவ்ளோ பேரு எதுக்கும்மா? நல்லாப் புடிக்கிற ஆறு பேர வெச்சிக்கோ. வாரம் பூரா அவங்களே செய்யட்டும். உனக்கும் பேஜாரு இல்ல."

கூட்டம் காது கொடுத்துக்கொண்டிருந்தது. அக்கா தூக்குவாளியை மூடிக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. நேற்று எனக்கும் அந்த ஆறுதான் கணக்கு.

"ஆறு பேருன்னா சின்னச் சட்டிதான் சார். சின்னச் சட்டியில வாரம் பூரா கிண்டினாலும் வேன் நெறையாது. பெரிய வாணலி வெச்சா ரெண்டே நாளு. ஆனா அதுக்கு இவங்க எல்லாருமே வேணும்."

"உன் இஷ்டம். எனக்கு சரக்கு வந்தா போதும்," என்று வேனில் ஏறினார்.

வேன் ரோட்டைத் தொட்டது. நான் திரும்பினேன். "வாரத்துல ரெண்டு நாளு. எல்லாரும் வரணும். கூலி களைக்கு இன்னாவோ அதேதான். கம்மி இல்ல."

அக்கா நிமிர்ந்தார். "எந்த ரெண்டு நாளு?"

"திங்க, வியாழன்."

"வெள்ளிக்கெழம சொல்லிடுவியோன்னு பாத்தேன், அன்னிக்கி என்னால வர முடியாது. வியாழன்னா செரி," என்றாள் ஒருத்தி.

"கொழந்தய எடுத்தாரலாமா?"

"எடுத்துக்கினு வா. அடுப்பாண்ட விடாத."

பின்னாலிருந்து இன்னொரு குரல். "எம்மா, அமாவாச திங்கக்கெழமல வந்தா நான் மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போயிடுவேன். இப்பவே சொல்லிட்டேன். அப்பறம் கேக்கக் கூடாது."

"அடியே, வேல கெடச்சி ஒரு நிமிசம் ஆவல, அதுக்குள்ள லீவா?" என்று நாத்தனார் கத்தினாள்.

ஷெட்டே அதிர்ந்தது சிரிப்பில். நான் சிரிக்கவில்லை. போனை எடுத்து, அடுத்த அமாவாசை என்றைக்கு என்று பார்த்தேன்.